நாயோடும் பிள்ளைகளோடும் முதல் குன்று: லேக் டிஸ்ட்ரிக்டில் ஒரு பகல்

எங்கள் நாய் மணி வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஸ்பேனியல் கலப்பு, கால் நான்கும் ஸ்பிரிங். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. ஊர்ப் பூங்காவையே சுற்றிச் சுற்றி நடந்து மூவருக்கும் அலுத்துப்போன ஒரு மே மாதத்தில்தான் லேக் டிஸ்ட்ரிக்டின் குட்டிக் குன்று ஒன்றில் முதன்முதலாக ஏறினோம். ஏறத் தொடங்கிய இருபதாவது நிமிடத்தில் மணி ஓர் ஆட்டைத் துரத்தினான். அந்தக் கதை பிறகு வரும்.

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்பிரியாவில் இருக்கிறது இந்தப் பகுதி. 1951இல் தேசியப் பூங்கா ஆனது, 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மலைகளை இங்கே ‘ஃபெல்’ என்பார்கள். வைக்கிங்குகள் விட்டுப்போன சொல். நாட்டிலேயே உயரமான ஸ்கஃபெல் பைக்கும் (978 மீட்டர்) இங்கேதான். அதையெல்லாம் இப்போதைக்கு விடுங்கள். நான் சொல்வது 300லிருந்து 450 மீட்டர் வரையிலான சின்ன ஃபெல்களைப் பற்றி. இவற்றில் உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. புதிதாகப் போகிறவர்களைக் கவிழ்ப்பவை ஆடு, ஈரம், இறக்கம். இதே வரிசையில்.

முதலில் குன்றைத் தேர்ந்தெடுங்கள்

என்னைக் கேட்டால் லாட்ரிக். கெஸ்விக் ஊருக்குப் பின்னால் படுத்திருக்கும் பசு மாதிரி ஒரு குன்று, உயரம் 368 மீட்டர். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, குன்றின் பின்பக்கம் கேல் ரோடு முடியும் இடத்தில் உள்ள கார் நிறுத்தத்திலிருந்து. கார் ஏற்கெனவே உங்களை முக்கால்வாசி உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். மிச்சம் எழுபது மீட்டர் ஏற்றம்தான். அங்கிருந்து போகும் பாதையில், கல்சுவரைத் தாண்ட வைத்திருக்கும் மரப்படி எதுவும் கிடையாது. அந்தப் படியை ‘ஸ்டைல்’ என்பார்கள். தேசியப் பூங்காவினர் ‘மைல்ஸ் விதவுட் ஸ்டைல்ஸ்’ என்று இப்படிப்பட்ட பாதைகளைத் தனியாகவே பட்டியலிட்டிருக்கிறார்கள். தள்ளுவண்டிக் குழந்தைக்காகவும் சக்கர நாற்காலிக்காகவும் போட்ட பட்டியல். நாய் வைத்திருப்பவர்களுக்கும் அதுவே வரம். இருபத்தைந்து கிலோ லாப்ரடாரை ஏணிப்படியில் தூக்கி மறுபக்கம் இறக்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். திருச்சியிலிருந்து வந்திருந்த என் அம்மா புடவையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக இந்த வழியில்தான் மேலே வந்தார்.

இன்னொன்று, கெஸ்விக் ஊரிலிருந்தே ஸ்பூனி கிரீன் லேன் வழியாக. ஏறத்தாழ 290 மீட்டர் ஏற்றம், போக வர ஏழு கிலோமீட்டர் அளவு. எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி ஒன்று இன்றும் உதவுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு பத்து மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம். அப்படிப் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் நெய்ஸ்மித் ஐந்து வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒன்றரை மடங்காக்குங்கள், சாப்பாட்டுக்கு அரை மணி சேருங்கள், நாய் மோப்பம் பிடிக்க இன்னொரு கால் மணி. நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு கிளம்பினால் யாருக்கும் கோபம் வராது.

நாயால் முடியுமா

சமதளத்தில் ஏழெட்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு மறுநாள் காலையிலும் துள்ளுகிற நாய் என்றால் சரி. எலும்பு மூட்டு முற்றாத குட்டியைக் கூட்டிப்போக வேண்டாம். எந்த வயதிலிருந்து என்பது இனத்தைப் பொறுத்தது, தடுப்பூசிக்குப் போகும்போது கால்நடை மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வெயில் நாளில் ஏற்றமே ஆகாது. மூச்சை வெளியே தள்ளித்தான் நாய் உடம்பைக் குளிர்விக்கிறது; அந்த வழியே குறுகலாக இருந்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

பெரிய நாய் என்றால் இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: பாதி வழியில் படுத்துக்கொண்டால் யார் தூக்குவது? 2020 ஜூலையில் டெய்சி என்ற செயின்ட் பெர்னார்டு நாய் ஸ்கஃபெல் பைக்கிலிருந்து இறங்கும்போது பின்னங்கால் வலியால் நகர மறுத்துவிட்டது. எடை 55 கிலோ. வாஸ்டேல் மலைமீட்புக் குழுவின் 16 தன்னார்வலர்கள் ஸ்ட்ரெச்சரில் வைத்து ஐந்து மணி நேரம் உழைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். ஆல்ப்ஸ் மலையில் மனிதர்களை மீட்டுப் பெயர் வாங்கிய இனம் அது என்பதை இங்கிலாந்துப் பத்திரிகைகள் விடாமல் சொல்லிச் சிரித்தன.

கழுத்துப்பட்டையைவிட, மார்பைச் சுற்றிக் கட்டும், முதுகில் கைப்பிடி உள்ள ஹார்னெஸ் மேல். பாறையோ படியோ வந்தால் பெட்டி மாதிரி பிடித்துத் தூக்கிவிடலாம்.

பையில் என்ன

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் அன்றைக்கு முழுக்கக் காயாது, குளிரைக் காலோடு ஒட்டி வைக்கும். ஆளுக்கொரு மழைக்கோட்டு, ஒரு ஃபிளீஸ் (கம்பளி போன்ற மேற்சட்டை), மாற்று சாக்ஸ், பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ. பிள்ளைகளுக்கு விலை உயர்ந்த பூட்ஸ் தேவையில்லை. ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும். விசில், டார்ச், சின்ன முதலுதவிப் பை, முழு சார்ஜில் போன். மலைப்பள்ளங்களில் சிக்னல் போய்விடும் என்பதால் காகித வரைபடமும் வேண்டும். லாட்ரிக்குக்கு, பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்4 என்ற தாள். அதில் நான்கு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு கல்சுவரும் கோடாக இருக்கும். மூடுபனி சூழ்ந்தால் அந்தச் சுவர்தான் கைகாட்டி. பச்சைப் புள்ளிக்கோடுகள் பொதுவழி உரிமை உள்ள பாதைகள்.

சாப்பாட்டில் மட்டும் நம் வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை. தயிர்சாதத்தில் கறுப்புத் திராட்சை போட்டு எடுத்துப்போவது எங்கள் வழக்கம். திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வெங்காயம், சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் உள்ள சைலிட்டால் எல்லாமே விஷம். குன்றின் உச்சியில் பிள்ளை கையிலிருந்து விழுவதை நாய் தின்னும் வேகத்துக்கு நாம் குனிய முடியாது. ஆகவே அன்றைக்கு மாதுளை, அதற்கும் மனமில்லை என்றால் வெறும் கறிவேப்பிலைத் தாளிப்பு. புளியோதரையும் வேண்டாம், புளியும் நாய்க்கு ஆகாது. நாய்க்கென்று ஒரு லிட்டர் தண்ணீர், மடக்கும் கிண்ணம், வழக்கமாகத் தின்னும் பிஸ்கட், கழிவுப் பைகள்.

நாளும் வானமும்

கெஸ்விக்கிலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சீத்வெய்ட் என்ற சிற்றூர். இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களிலேயே அதிக மழை பெறுவது அதுதான், வருடத்துக்குச் சுமார் 3,500 மி.மீ. சென்னைக்கு 1,400 மி.மீ. அளவு என்பதை நினைத்துக்கொண்டால் இங்கே ஏன் எல்லாரும் மழைக்கோட்டோடு திரிகிறார்கள் என்று தெரியும். ஊர் வானிலையைப் பார்க்காதீர்கள். மலை வானிலையைத் தனியாகத் தருகிறார்கள். லேக் டிஸ்ட்ரிக்ட் வெதர்லைன், மலை வானிலைத் தகவல் சேவை இரண்டையும் முந்தின இரவு பார்த்துவிடுங்கள். இந்த உயரத்தில் வெப்பநிலை இரண்டு டிகிரி குறையும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது காற்றை. உச்சியில் மணிக்கு 35 மைலைத் தாண்டும் என்றிருந்தால் நாங்கள் சின்னவனைக் கூட்டிக்கொண்டு ஏறுவதில்லை. டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் நடந்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

மாதம் என்றால் செப்டம்பர். வெளிச்சம் இருக்கும், கூட்டம் குறையும், ஆட்டுக்குட்டிகள் வளர்ந்திருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் மதியத்துக்கு முன்பே உச்சியில் இருக்க வேண்டும். கார் இல்லாதவர்களுக்கு லங்காஸ்டர், கெண்டல், விண்டர்மியர் வழியாகக் கெஸ்விக் வரும் 555 பேருந்து உண்டு. நாயை ஏற்றுவது ஓட்டுநர் விருப்பம், ஏறும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆடு

ஃபெல்களில் மேய்பவை பெரும்பாலும் ஹெர்ட்விக் செம்மறிகள். குட்டி பிறக்கும்போது கறுப்பு. வயது ஏற ஏற ரோமம் பழுப்பாகி, சாம்பலாகி வெளுக்கும், முகம் மட்டும் பால் வெள்ளை. பார்க்கச் சிரித்த முகம். உடம்பில் சிவப்பு, நீலம் என்று சாயக்குறி இருக்கும். எந்தப் பண்ணை ஆடு என்பதற்கான அடையாளம் அது. வேலியே இல்லாத மலையில் இந்த ஆடுகள் தங்கள் பகுதியை விட்டுப் போவதில்லை. எந்த இடம் நமது என்பதைக் குட்டி தாயோடு மேய்ந்து மேய்ந்து கற்றுக்கொள்கிறது, அதன் குட்டிக்கு அது கற்றுக்கொடுக்கிறது. இதற்கு ‘ஹெஃப்ட்’ என்று பெயர். 2001இல் கோமாரி நோய் பரவாமல் தடுக்க மந்தைகளைக் கொன்றபோது பண்ணைக்காரர்கள் பதறியது இதனால்தான். காசு கொடுத்தால் வேறு ஆடு வாங்கலாம், அதற்கு மலை தெரியாதே.

இப்போது எங்கள் கதை. மணிக்குப் போட்டிருந்தது பொத்தானை அமுக்கினால் நீளும் சுருள்கயிறு, ஐந்து மீட்டர். அதன் பிளாஸ்டிக் பிடி என் மகன் கையில். முன்னால் ஒரு தாய் ஆடும் கறுப்புக் குட்டியும் புல்லிலிருந்து எழுந்தன. ஒரே இழுப்பு. பிடி பையன் கையை விட்டுப் போய், கல்லில் அடித்துக் கடகடவென்று மணியின் பின்னாலேயே ஓடியது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து அவன் இன்னும் வேகமாக ஓட, அவனைப் பார்த்து ஆடுகள் ஓட, என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. கயிறு பெரணிப் புதரில் சிக்கியதால் தப்பித்தோம். குவாட் பைக்கில் வந்த பண்ணைக்காரர் திட்டவில்லை. “நாய் மேல் தப்பில்லைங்க. கயிறு யார் கையில் இருந்தது?” என்று மட்டும் கேட்டார். என் மகன் பள்ளிக்கூடத்தில் போல் கையைத் தூக்கினான்.

அன்றிலிருந்து நீளும் கயிறு வீட்டிலேயே கிடக்கிறது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்கள் நடக்கத் திறந்துவிட்ட மலைப் பகுதிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, இரண்டு மீட்டருக்கு மிகாத, நீளம் மாறாத கயிற்றில்தான் நாய் இருக்க வேண்டும். ஆடு மாடு பக்கத்தில் இருந்தால் வருடம் முழுக்க அப்படித்தான். ஃபெல்லில் ஆடு இல்லாத மூலை அபூர்வம் என்பதால் நடைமுறையில் எப்போதுமே கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய் கடிக்கவே வேண்டாம், துரத்தினாலே போதும்: சினை ஆடு கருக்கலைந்துவிடும், தாயும் குட்டியும் பிரிந்துவிடும். ஆட்டைத் துரத்தும் நாயை வேறு வழியில்லாத நிலையில் பண்ணைக்காரர் சுட்டால் சட்டம் பெரும்பாலும் அவர் பக்கம் நிற்கும். “எங்கள் நாய் ஒன்றும் செய்யாது” என்ற வாக்கியத்தை இங்கே யாரிடமும் சொல்லாதீர்கள்.

மாடு வந்தால் விதி நேர்மாறு. கன்றோடு நிற்கும் பசுக்கள் நாயைப் பார்த்தால் கூட்டமாக வரும். தூரமாகச் சுற்றிப் போங்கள். அப்படியும் பாய்ந்து வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும், மாட்டின் கோபமும் அதன் பின்னால் போகும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் மிதிபடுகிறார்.

பிள்ளைகளுக்கு ஆட்டை எண்ணும் வேலை கொடுங்கள். இந்தப் பக்கத்து இடையர்களின் பழைய எண்கள் யான், டான், டெத்தெரா, மெத்தெரா, பிம்ப் என்று போகும். மகள் அதில் இருபது வரை கற்றுக்கொண்டு எங்களை ஓயவிடவில்லை.

ஏறுவோம்

ஸ்பூனி கிரீன் லேன் ஊரின் ஓரத்தில் தொடங்கி, ஏ66 நெடுஞ்சாலையைப் பாலத்தின் மேல் கடக்கிறது. வண்டி இரைச்சல் பின்னால் போனதும் மரங்களுக்கிடையே ஏற்றம் ஆரம்பிக்கும். பிள்ளைகள் “இன்னும் எவ்வளவு தூரம்” என்று கேட்பது சரியாக இங்கேதான். முதல் கால்மணி நேரம்தான் கஷ்டம், உடம்பு சூடேறும் வரை. குன்றைக் காட்டாமல் அடுத்த மரக்கதவைக் காட்டுங்கள்: அதைத் தாண்டினால் ஒரு மிட்டாய். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும், மற்றவர்கள் அவர் பின்னால். முன்னால் ஓடுகிறவர் காத்திருந்து இளைப்பாறிவிட்டு, பின்னால் வருகிறவர் வந்ததும் கிளம்பினால், யாருக்கு அதிகம் ஓய்வு தேவையோ அவருக்கு ஓய்வே கிடைக்காது.

மூடியிருந்த கதவைத் திறந்தால் மூடுங்கள். திறந்தே கிடந்ததை அப்படியே விடுங்கள். நாய் போனதைப் பையில் அள்ளி உங்களோடு கொண்டுவாருங்கள். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று மரக்கிளையில் தொங்கவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திரும்பும்போது எடுத்தவரைப் பார்த்ததில்லை.

மரங்கள் முடிந்து மேலே போனபின் வலப்பக்கம் பிரியும் பாதை புல்வெளியில் வளைந்து வளைந்து ஏறும். காற்று திடீரென்று முகத்தில் அடித்தால் உச்சி வந்துவிட்டது. அங்கே ஒரு பெஞ்சு. காலடியில் கெஸ்விக்கின் கூரைகள், அதைத் தாண்டி டெர்வென்ட்வாட்டர், அதில் மரம் மூடிய தீவுகள், கடைசியில் மலைகள் நெருங்கி மூடும் போரோடேல் பள்ளத்தாக்கு. பின்னால் திரும்பினால் 931 மீட்டர் ஸ்கிடா, முழுப் பெரிய மலை. தெற்குப் பக்கச் சரிவு செங்குத்து. சாப்பிடும்போது நாய்க்கயிறு பெரியவர் யாராவது ஒருவர் காலடியில் இருக்க வேண்டும். முதலில் ஃபிளீஸைப் போடுங்கள், அப்புறம் டிபன் டப்பா. வியர்த்த உடம்பு ஐந்தே நிமிடத்தில் நடுங்கத் தொடங்கும்.

இறக்கம்

பெரும்பாலான கணுக்கால்கள் இறக்கத்தில்தான் சுளுக்குகின்றன. மழை பெய்த புல் சோப்பு மாதிரி. இடுப்புப் பட்டையில் கயிற்றை மாட்டிக்கொண்டு நடப்பவர்கள் இறங்கும்போது கழற்றிக் கையில் பிடியுங்கள். ஏறும்போது உங்களை இழுத்து உதவிய அதே நாய், இறங்கும்போது கவிழ்த்துவிடும். வழி தவறியதாகத் தோன்றினால் குறுக்கே இறங்காமல், கடைசியாகத் தெரிந்த இடத்துக்கே திரும்புங்கள்.

யாருக்காவது அடிபட்டு நடக்க முடியாமல் போனால் 999ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலைமீட்பு என்று கேளுங்கள். பேச சிக்னல் இல்லாவிட்டாலும் குறுஞ்செய்தி போகலாம். அதற்கு ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பி வீட்டிலேயே பதிவுசெய்து வையுங்கள். விசில் என்றால் ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. வருபவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள், கட்டணம் வாங்குவதில்லை.

கீழே வந்ததும் நாய் ஏரியைப் பார்த்து இழுக்கும். கோடையில் தண்ணீர் மேல் பச்சை பெயின்ட் கொட்டியது போல் படலம் இருந்தால் விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசி நாயைக் கொல்லும். அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உண்ணி பார்ப்பது கட்டாயம். வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை பெரணியிலும் உயரமான புல்லிலும் காத்திருந்து ஒட்டிக்கொள்ளும். நாய்க்குக் காது மடல், அக்குள், விரலிடுக்கு. பிள்ளைகளுக்கு முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, தலைமுடி ஓரம். எள்ளளவுதான் இருக்கும். தீக்குச்சி, எண்ணெய் என்று பாட்டி வைத்தியம் வேண்டாம். கடைகளில் கிடைக்கும் உண்ணிக் கொக்கியைத் தோலோடு ஒட்டி நுழைத்து, திருகி எடுங்கள், உடம்பை நசுக்காமல். லைம் நோய் என்ற தொற்று உண்ணிக் கடியால்தான் வருகிறது. அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

லாட்ரிக் சுலபமாக இருந்தது என்றால் அடுத்தது லஃப்ரிக், 335 மீட்டர். ரைடலிலிருந்து ஏறி, லஃப்ரிக் டெரஸ் என்ற சமமான பாதையில் கிராஸ்மியர் ஏரியைப் பார்த்தபடி நடக்கலாம். வழியில் வரும் பெரிய குகை பழைய ஸ்லேட் சுரங்கம். கல் விழக்கூடிய இடம், வெளியிலிருந்தே எட்டிப் பாருங்கள். லாட்ரிக்கைவிடக் குட்டைதான், ஆனால் உச்சி முழுக்க மேடும் பள்ளமும், எங்கும் பாதைகள். மூடுபனியில் நாங்கள் ஒரே குட்டையை இரண்டு தடவை கடந்தோம், மணிதான் முதலில் கண்டுபிடித்தான். கேட்பெல்ஸ் (451 மீட்டர்) எல்லாரும் சொல்லும் பெயர். அதை மூன்றாவதாக வையுங்கள். கையை ஊன்றிப் பாறையில் ஏற வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், நாய்க்கு ஒரு பெரியவர் என்று ஆள் எண்ணிக்கொண்டு போங்கள்.